தெரிவும் நீதியும்: ஜோனி மிச்செலின் இரு இசைத் தொகுப்புகள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதும் செய்தவற்றுள் சிலவற்றை மாத்திரம் எடுத்து, 'இவையே இவர்' என்று உலகுக்குக் காட்டுவது நீதியாகுமா? இவ்வினா இசைக்கோ இலக்கியத்துக்கோ மாத்திரம் உரியதன்று. மனிதரை மனிதர் மதிப்பிடும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் இது மறைந்து நிற்கின்றது. பல்கலைக்கழகப் பெறுபேறு ஒரு மாணவரின் நான்காண்டு உழைப்பை ஒரு வகுப்பின் பெயரிற் சுருக்கிவிடுகின்றது. முப்பத்தோராம் நாளன்று வெளியிடப்பெறும் கல்வெட்டு, எண்பதாண்டு வாழ்ந்த ஒருவரின் வாழ்வைச் சில வெண்பாக்களிலும் இரண்டு மூன்று பக்க உரையிலும் அடக்கிவிடுகின்றது. இவை பொய் கூறுவனவல்ல. எனினும் முழு உண்மையையும் கூறுவனவல்ல.

தெரிவு இன்றி நினைவு இல்லை. நிகழ்ந்த யாவற்றையும் நினைவில் வைத்திருத்தல் மனிதருக்கு இயலாது. இயலுமாயினும் அத்தகைய நினைவிலிருந்து எப்பொருளையும் பிரித்தறிய முடியாது. ஆகவே, தெரிவு செய்யலாமா கூடாதா என்னும் வாதத்திற் பயனில்லை. தெரிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு, எந்த அளவுகோல் கொண்டு அது செய்யப்படுகின்றது, விடுபட்டவை குறித்துத் தெரிவு செய்பவருக்குள்ள கடப்பாடு யாது என்னும் மூன்று வினாக்களே ஆராயப்பட வேண்டியவை.

இவற்றை ஆராய்வதற்கு மேனாட்டுப் பொப்பிசை வாய்ப்பானதொரு களத்தைத் தருகின்றது. நெடுங்காலம் பாடிவந்த ஒருவரின் புகழ்பெற்ற பாடல்களை ஓரிடத்தில் திரட்டி 'கிறேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்னும் பெயரில் வெளியிடும் வழக்கம் அங்கு நன்கு வேரூன்றியுள்ளது. கனடா நாட்டுப் பாடகியும் பாடலாசிரியருமான ஜோனி மிச்செல் 1996 ஆம் ஆண்டில் இவ்வழக்கத்துக்கு இணங்கிய முறை, மேற்கூறிய மூன்று வினாக்களையும் ஒருங்கே எழுப்புகின்றது.

தொகுப்பு என்னும் வடிவம்

இவ்வகைத் தொகுப்புகளுக்கு முன்மாதிரியாக அமைந்தது, 1958 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ஜொனி மாதிஸ் என்னும் பாடகரின் இசைத்தட்டாகும். 'பில்போர்ட்' சஞ்சிகையின் விற்பனைப் பட்டியலில் அது ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாக இடம்பெற்றிருந்தது. முன்னரே பதிவான பாடல்களைக் கொண்டு நெடுங்கால வருவாய் பெறலாம் என்பதை இதனால் நிறுவனங்கள் கண்டுகொண்டன. பாடகர் மௌனமாயிருக்கும் காலத்தை நிரப்புவதற்கும் இவ்வடிவம் பயன்பட்டது. 1966 ஜூலையில் மோட்டார் சைக்கிள் விபத்துக்குள்ளாகிப் பொதுவாழ்விலிருந்து பொப் டிலன் ஒதுங்கியிருந்தபோது, அவருடைய முதலாவது தொகுப்பை 1967 மார்ச்சில் அதே நிறுவனம் வெளியிட்டமை இதற்குச் சான்றாகும்.

வணிகத்தின் உச்சத்தை இவ்வடிவம் எய்தியது ஈகிள்ஸ் குழுவினரின் தொகுப்பிலேயாகும். 1976 பெப்ருவரியில் வெளிவந்த அத்தொகுப்பு, 1971 முதல் 1975 வரையான ஐந்தாண்டுப் பாடல்களை மாத்திரம் கொண்டது. அமெரிக்காவில் அதன் விற்பனை மூன்று கோடியே எண்பது இலட்சம் பிரதிகளுக்கு ஈடானது என 2018 இல் சான்றுபடுத்தப்பட்டது. ஆயினும் அக்குழுவினரின் பெயரைக் கேட்டதும் பலரும் முதலில் நினைக்கும் 'ஹோட்டல் கலிபோர்னியா' என்னும் பாடல் அதில் இல்லை. அது அதே ஆண்டின் இறுதியிலேயே வெளிவந்தது. மிக அதிகமாக விற்பனையான தொகுப்புங்கூட, ஒரு குறித்த நாளிற் கிழிக்கப்பட்ட கோட்டுக்கு இப்பாலுள்ளவற்றையே காட்டுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

ஜெர்மானிய மெய்யியலாளர் தியோடர் அடோர்னோ 1941 இல் வெளியிட்ட வெகுசன இசை பற்றிய ஆய்வில், ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பித்தலின் விளைவை விரிவாக ஆராய்ந்தார். மீளமீளக் கேட்டதனால் உண்டாகும் பரிச்சயத்தைக் கேட்போர் விருப்பமெனக் கொள்கின்றனர் என்பது அவருடைய வாதத்தின் சாரம். இவ்வாதத்தின்படி நோக்கின், தொகுப்பு என்பது பரிச்சயத்தையே பொருளாக்கி விற்பதாகும். கேட்பவர் புதிதாக ஒன்றைப் பெறுவதில்லை. தாம் ஏற்கனவே அறிந்திருப்பதை உறுதிப்படுத்திக்கொள்கின்றார்.

எனினும் இவ்வாதம் ஒரு பக்கத்தையே காட்டுகின்றது. பாடகர் ஒருவரின் பதினைந்து இசைத்தட்டுகளையும் வாங்கும் வசதி எல்லோர்க்கும் இருந்ததில்லை. கூலிக்கு உழைக்கும் ஒருவர், தம் சேமிப்பைக் கொண்டு ஓர் இசைத்தட்டை வாங்க விரும்பின், தொகுப்பை நாடுவதே இயல்பு. தொகுப்பின் வழியாக ஒரு கலைஞரை அறிந்து, பின்னர் அவருடைய பிற ஆக்கங்களைத் தேடிச் சென்றவர்களும் உளர். வாசல் என்ற அளவில் தொகுப்பிற் குறையில்லை. வாசலையே வீடென்று கொள்ளுமிடத்துத்தான் பிரச்சினை தோன்றுகின்றது.

'ஹிட்ஸ்' எனவும் 'மிஸ்ஸஸ்' எனவும்

ஜோனி மிச்செல் 1943 நவம்பரில் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்திற் பிறந்தவர். ஒன்பது வயதில் இளம்பிள்ளைவாத நோய்க்கு ஆளாகி மீண்டவர். ஓவியமும் பயின்றவர். 1968 இல் முதலாவது இசைத்தட்டை வெளியிட்ட அவர், 1994 வரை பதினைந்து இசைத்தட்டுகளுக்குரிய பாடல்களை ஒலிப்பதிவுக் கூடத்திற் பதிவு செய்திருந்தார். கிட்டாருடன் தனித்துப் பாடும் நாட்டார் மரபிலே தொடங்கிய அவருடைய இசை, 1970 களின் நடுப்பகுதியில் ஜாஸ் இசையை நோக்கித் திரும்பியது. 1979 இல் வெளிவந்த 'மிங்கஸ்' என்னும் ஆக்கம், அவ்வாண்டின் தொடக்கத்திற் காலமான ஜாஸ் இசையமைப்பாளர் சார்ள்ஸ் மிங்கஸுடன் இணைந்து தொடங்கப்பட்டதாகும். இத்திருப்பத்தினால் அவர் வானொலி நிலையங்களின் ஆதரவையும் முன்னைய இரசிகர் பலரையும் இழந்தார்.

முதல் இசைத்தட்டு வெளிவந்து 28 ஆண்டுகளின் பின்னர், றீப்பிறைஸ் நிறுவனம் அவருடைய புகழ்பெற்ற பாடல்களின் தொகுப்பொன்றை வெளியிட விரும்பியது. மிச்செல் ஒரு நிபந்தனையுடன் இணங்கினார். வெற்றி பெற்ற பாடல்களின் தொகுப்பு வெளிவருமாயின், வெற்றி பெறாதவற்றுள் தாம் தெரிவு செய்பவற்றின் தொகுப்பும் உடன் வெளிவர வேண்டும் என்பதே அந்நிபந்தனை. அவ்வாறே 1996 ஒக்டோபரில் இரண்டு இறுவட்டுகள் வெளிவந்தன. ஒன்றன் பெயர் 'ஹிட்ஸ்'. மற்றதன் பெயர் 'மிஸ்ஸஸ்'. முன்னையது இலக்கை எட்டியவற்றையும் பின்னையது தவறிப்போனவற்றையும் குறிக்கும். ஆங்கிலத்தில் 'ஹிட்' என்னும் சொல் மோதுதலையும் குறிக்கும் என்பதனைக் கருத்திற்கொண்டு, முதலாவது இறுவட்டின் அட்டைப்படத்தில் மிச்செல் வாகனம் மோதிக் கிடப்பவர் போன்று வீதியிற் படுத்திருக்கக் காணப்படுகின்றார்.

'ஹிட்ஸ்' தொகுப்பில் 15 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 13 பாடல்கள் 1974 ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ வெளிவந்தவை. எஞ்சிய இரண்டில் ஒன்று 1982 இலும் மற்றது 1991 இலும் வெளிவந்தன. 1975 முதல் 1979 வரை வெளிவந்த நான்கு பெரும் ஆக்கங்களிலிருந்து ஒரு பாடலேனும் அதில் இல்லை. இத்தொகுப்பை மாத்திரம் கேட்டறியும் ஒருவர், மிச்செலின் கலைவாழ்வு முப்பது வயதுடன் முடிந்துவிட்டதென்றே முடிவுசெய்வார். மாறாக, 'மிஸ்ஸஸ்' தொகுப்பிலுள்ள 14 பாடல்களுள் எட்டு 1985 இலோ அதற்குப் பின்னரோ வெளிவந்தவை. ஒரே மனிதரின் வாழ்வு, யார் எண்ணிப் பார்க்கின்றார் என்பதற்கேற்ப இளமையில் முடிவதாகவோ முதுமையை நோக்கி வளர்வதாகவோ தோற்றமளிக்கின்றது.

பலர் கூடி அளித்த தீர்ப்பு

பலரால் விரும்பப்படுதல் ஒரு பாடலின் தகுதிக்குச் சான்றாகுமா? ஆகுமென்று கூறுவோருக்கு ஆதரவான வாதம் வலிமையற்றதன்று. பாடல் கேட்கப்படுவதற்காகவே ஆக்கப்படுகின்றது. கேட்போரின் நெஞ்சைத் தொடாத பாடல் தன் நோக்கத்திற் குறைபட்டதே. ஸ்கொத்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம், 1757 இல் வெளியிட்ட சுவையின் அளவுகோல் பற்றிய கட்டுரையில், காலத்தையும் நாட்டையும் கடந்து நிலைக்கும் பாராட்டையே கலைத்தகுதியின் உறுதியான சான்றாகக் கொண்டார். பண்டைய ஏதென்சிலும் உரோமிலும் மகிழ்வூட்டிய ஹோமரின் காவியம் தம் காலத்துப் பாரிசிலும் இலண்டனிலும் போற்றப்படுவதை அவர் எடுத்துக்காட்டினார்.

ஆயின், ஹியூம் கூறியது காலத்தின் தீர்ப்பையே. விற்பனைப் பட்டியலின் வாராந்தத் தீர்ப்பையன்று. பட்டியல் எதனை அளக்கின்றது என்பது நுணுகி நோக்கப்பட வேண்டும். மிச்செல் தம் குரலில் அமெரிக்கப் பட்டியலின் முதற் பத்து இடங்களுக்குள் எட்டியது ஒரே ஒரு முறைதான். 1974 இல் வெளிவந்த 'ஹெல்ப் மீ' என்னும் பாடல் ஏழாம் இடத்தைப் பெற்றது. 'போத் சைட்ஸ் நௌ' 1968 இல் எட்டாம் இடத்தைப் பெற்றது ஜூடி கொலின்ஸின் குரலிலேயாகும். 'வூட்ஸ்டொக்' என்னும் பாடலை அமெரிக்காவிற் பரப்பியவர் குறோஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் என்னும் நால்வர். பிரித்தானியாவில் 1970 இல் அதனை முதலிடத்துக்குக் கொண்டுசென்றது வேறொரு குழு. அப்பாடல் பாடும் 1969 ஆம் ஆண்டு இசைவிழாவுக்கு மிச்செல் சென்றதுமில்லை. எனவே 'ஹிட்ஸ்' தொகுப்பிலுள்ள வெற்றிகளுட் சில, பிறர் குரலில் ஈட்டப்பட்டு ஆக்கியோரின் பெயரில் வரவு வைக்கப்பட்டவை. மறுபுறம், அதிலுள்ள 'ரிவர்' என்னும் பாடல் தனித்தட்டாக வெளியிடப்பட்டதேயில்லை. கேட்டவர்கள் காலப்போக்கிலே தாமே அதனைக் கண்டெடுத்தனர். பிற பாடகர்கள் மிகுதியாகப் பாடிவரும் மிச்செலின் பாடல்களுள் அதுவும் ஒன்று. ஹியூம் கூறிய தீர்ப்புக்கு இப்பாடலே பொருத்தமான உதாரணம்.

பட்டியல் அளப்பவற்றுள் வானொலியின் தேவையும் ஒன்றாகும். ஏறத்தாழ மூன்று நிமிடங்களில் முடிதல், முதற் கேட்பிலேயே மனத்திற் பதிதல், விளம்பரங்களுக்கிடையே இடராது அமைதல் என்பன அத்தேவையின் கூறுகள். தனித்தட்டாக வெற்றிபெறத்தக்க பாடலொன்று வேண்டும் என்னும் நெருக்குதலை நையாண்டி செய்தே 'யூ டேர்ன் மீ ஒன், ஐ ஆம் எ ரேடியோ' என்னும் பாடலை 1972 இல் மிச்செல் ஆக்கினார். தம்மையே வானொலிப் பெட்டியாக உருவகித்த அப்பாடல் வானொலியில் வெற்றியும் பெற்றது. ஆறு நிமிடங்களுக்கு மேல் நீளும் 'ஹெஜிரா' என்னும் பாடலுக்கோ அத்தகைய வாய்ப்பு இருந்ததில்லை. 'தவறியவை' என்ற தொகுப்பிலேயே அதற்கு இடம் கிடைத்தது.

இங்கு அழகியற் பிரச்சினை அறப்பிரச்சினையாக மாறுகின்றது. 'மிஸ்ஸஸ்' தொகுப்பில் 'த மக்டலீன் லோண்ட்றீஸ்' என்னும் பாடல் உண்டு. அயர்லாந்தில், மணமாகாது தாயானவர்களும் ஆதரவற்ற பெண்களும் கன்னியர் மடங்கள் நடத்திய சலவை நிலையங்களில் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைக்கப்பட்டுக் கூலியின்றி வேலை வாங்கப்பட்டனர். 1993 இல் டப்ளின் நகரில் அத்தகைய மடமொன்றின் நிலம் விற்கப்பட்டபோது, அங்கு புதைக்கப்பட்டிருந்த 155 பெண்களின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. மறு ஆண்டிலேயே, அப்பெண்களுள் ஒருத்தியின் கூற்றாக மிச்செலின் பாடல் வெளிவந்தது. அயர்லாந்தின் கடைசிச் சலவை நிலையம் மூடப்பட்டது 1996 ஒக்டோபரில், இவ்விரு தொகுப்புகளும் வெளிவந்த அதே மாதத்தில். அந்நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் அரசின் சார்பாக மன்னிப்புக் கோரியது 2013 பெப்ருவரியில்.

இப்பாடல் விற்பனைப் பட்டியலில் இடம்பெறாமைக்குக் காரணம் அதன் குறைபாடு என்று கூறுதல் இயலாது. கேட்போர் கேட்க விரும்பாததை அது கூறியது. ஒரு சமூகம் தன் செவியை மூடிக்கொண்டிருக்கும்போது, அச்செவிக்கு இனியதை மாத்திரம் திரட்டுவது அச்சமூகத்தின் மறதிக்குத் துணைபோவதாகும். பெரும்பான்மையின் விருப்பம் விருப்பத்துக்கே சான்று; உண்மைக்கன்று.

ஆக்கியோர் அளிக்கும் தீர்ப்பு

அங்ஙனமாயின், தெரிவு செய்யும் உரிமையை ஆக்கியோரிடமே முற்றாக ஒப்படைத்துவிடலாமா? இதற்கும் முன்னுதாரணங்கள் உள. மிச்செலைப் போன்று கனடாவிற் பிறந்த நீல் யங், 1977 இல் 'டெகேட்' என்னும் தொகுப்பைத் தாமே தெரிந்து, மூன்று இசைத்தட்டுகளில் 35 பாடல்களாக வெளியிட்டார். தமது மிகப் பெரிய வெற்றிப் பாடலான 'ஹார்ட் ஒவ் கோல்ட்' தம்மை நடுவீதியிற் கொண்டுவந்து சேர்த்ததென்றும், அங்கு பயணம் சலிப்பூட்டியமையால் வீதியோரப் பள்ளத்தை நாடியதாகவும் அதிற் குறிப்பு எழுதினார். வெற்றியைத் தொகுப்பிற் சேர்த்துக்கொண்டே அவ்வெற்றியுடன் அவர் முரண்பட்டார்.

ஆனால், ஆக்கியோரின் தீர்ப்பும் குறையற்றதன்று. ஆங்கிலக் கவிஞர் ஓடன், இரண்டாம் உலகப் போர் மூண்டவேளையில் எழுதிய 'செப்ரெம்பர் 1, 1939' என்னும் கவிதையைப் பின்னர் நேர்மையற்றதெனக் கருதி, 1966 இல் வெளிவந்த தொகுதியிலிருந்து விலக்கினார். 2001 இல் நியூ யோர்க் நகரம் தாக்கப்பட்டபோது அந்நகர மக்கள் பலரும் தேடி வாசித்தது அக்கவிதையையே. கவிஞர் கைவிட்ட கவிதைக்குத் துயருற்றோர் புகலிடம் அளித்தனர். அவர்கள் அதனைத் தவறாக வாசித்தார்கள் என்று கூறும் உரிமை யாருக்கு உண்டு?

மிச்செலின் 'மிஸ்ஸஸ்' தொகுப்பும் இத்தகைய திருத்தத்துக்கு உள்ளாயிற்று. அதில் 'எ கேஸ் ஒவ் யூ' என்னும் பாடல் இடம்பெற்றுள்ளது. 1971 இன் 'புளூ' என்னும் ஆக்கத்தைச் சேர்ந்த இப்பாடலை, பாடகர் பிரின்ஸ் உட்படப் பலர் பாடியுள்ளனர். மிச்செலின் ஆக்கங்களுள் மிக அதிகமாக நேசிக்கப்படுபவற்றுள் ஒன்றாக அது கருதப்படுகின்றது. 'புளூ' என்னும் ஆக்கமோ, 2020 இல் 'றோலிங் ஸ்ரோன்' சஞ்சிகை வெளியிட்ட தலைசிறந்த இசைத்தட்டுகளின் பட்டியலில் மூன்றாம் இடத்தைப் பெற்றது. தவறியது என்று பாடகியே பெயரிட்ட ஒன்று, கேட்போரின் தீர்ப்பால் இலக்கை எட்டியதாக மாறியது. தவறியவை, எட்டியவை என்னும் பிரிவுகள் நிலையானவையல்ல என்பதை இது புலப்படுத்தும்.

இதன் மறுதலையும் உண்மையே. ஓவியரையும் பாடகரையும் ஒப்பிட்டு, வான்கோவை நோக்கி அவருடைய விண்மீன் இரவு ஓவியத்தை மறுபடியும் வரையுமாறு எவரும் கேட்டதில்லை என்று, 1974 இல் வெளிவந்த நேரடி நிகழ்ச்சிப் பதிவொன்றில் மிச்செல் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். பழைய பாடல்களையே பாடுமாறு கேட்கும் இரசிகர்கள் கலைஞரை ஓரிடத்திற் கட்டிவைக்கின்றனர் என்பது அதன் உட்பொருள். ஆயினும் அவரே பிற்காலத்தில் தம் பழைய பாடலொன்றுக்குத் திரும்பினார். 23 வயதில் எழுதிய 'போத் சைட்ஸ் நௌ' என்னும் பாடலை 2000 ஆம் ஆண்டில், தாழ்ந்து கனத்துவிட்ட குரலில், பெரும் வாத்தியக் குழுவுடன் மீளப் பாடினார். 2015 இல் மூளைக் குருதிக்குழாய் நோயினால் பேசவும் நடக்கவும் இயலாத நிலைக்கு ஆளான பின்னர், 2022 ஜூலையில் நியூபோர்ட் விழா மேடையில் அமர்ந்தவாறு அதே பாடலைப் பாடினார். 2024 இல் கிராமி விருது விழாவிலும் அதையே பாடினார். அப்போது அவருக்கு 80 வயது.

வாழ்வின் இரு பக்கங்களையும் கண்டதாகக் கூறும் அப்பாடல், இருபத்துமூன்று வயதினளின் வாயில் ஓர் ஊகமாகவே இருந்திருக்க முடியும். எண்பது வயதினரின் வாயில் அது சாட்சியமாயிற்று. சொற்கள் மாறவில்லை; அவற்றுக்குப் பின்னால் நிற்கும் வாழ்வு மாறியது. மக்கள் அப்பாடலை ஐம்பது ஆண்டுகளாக மறவாது வைத்திருந்தமையாலேயே இம்மாற்றத்தை அவர்களால் உணர முடிந்தது. வெற்றிப் பாடல் கலைஞரைச் சிறைப்படுத்தவும் கூடும். அவர் வளர்ந்து வந்து நிரப்பும்வரை வெற்றிடமாகக் காத்திருக்கவும் கூடும்.

இரண்டிலும் இல்லாதது

இதுவரை கூறியவற்றால், மக்கள் தீர்ப்பும் ஆக்கியோர் தீர்ப்பும் ஒன்றையொன்று நிறைவுசெய்வன என்றும், இரு தொகுப்புகளையும் அருகருகே வைத்தால் நீதி கிடைத்துவிடும் என்றும் முடிவுசெய்யத் தோன்றும். அது அவசர முடிவு. மிச்செலின் ஒரு பாடல் இரண்டு தொகுப்புகளிலும் இல்லை. 'லிட்டில் கிறீன்' என்பது அதன் பெயர். 1965 இல், மணமாகாத நிலையில், வறுமையில், ரொறன்ரோ நகரில் அவர் ஒரு பெண்மகவைப் பெற்றார். பின்னர் அம்மகவைத் தத்துக்கொடுத்தார். அக்குழந்தையை நோக்கிப் பாடப்பட்டதே அப்பாடல். 1971 இல் 'புளூ'வில் அது வெளிவந்தபோது இவ்வுண்மையை வெளியுலகம் அறியாது. பொருள் மறைந்த பாடலென்றே அது கொள்ளப்பட்டது. மகளும் தாயும் மீண்டும் சந்தித்தது 1997 இல், தொகுப்புகள் வெளிவந்து சில மாதங்களின் பின்னராகும்.

அப்பாடலை அவர் ஏன் சேர்க்கவில்லை என்று ஊகித்தல் இங்கு தேவையற்றது. வெற்றி, தோல்வி என்னும் இரண்டு பெயர்களாலும் அழைக்க முடியாதவை ஒரு வாழ்வில் உண்டு என்பதே கருதத்தக்கது. 'எட்டியது', 'தவறியது' என்பன இலக்கொன்றை முன்னிறுத்திக் கூறப்படும் சொற்கள். இழந்த குழந்தையை நோக்கித் தாய் பாடிய பாட்டுக்கு இலக்கு எது? ஆயினும் அம்மௌனம் முழு மௌனமன்று. தாம் பெற்று வளர்க்க இயலாத பிள்ளையைப் பற்றிய குறிப்பொன்று, 'ஹிட்ஸ்' தொகுப்பிலுள்ள 1982 ஆம் ஆண்டுப் பாடலில் வருகின்றது. மணமாகாத் தாயரின் துயரைக் கூறும் மக்டலீன் பாடல் 'மிஸ்ஸஸ்' தொகுப்பில் உள்ளது. விடுபட்டதன் நிழல் இரு தொகுப்புகளின் மீதும் விழுந்துகிடக்கின்றது.

தெரிவு செய்பவரின் கடப்பாடு

தொகை என்பது தமிழ் மாணவருக்குப் புதிய பொருளன்று. எட்டுத்தொகையின் அகநூல்கள் சிலவற்றைத் தொகுத்தோர் அடிவரையறையையே அளவுகோலாகக் கொண்டனர். பொதுவாக நான்கு முதல் எட்டடி வரையானவை குறுந்தொகையாயின. ஒன்பது முதல் பன்னிரண்டடி வரையானவை நற்றிணையாயின. செய்யுளின் நீளத்துக்கும் சிறப்புக்கும் தொடர்பில்லை என்பதை அவர்கள் அறியாதவர்களல்லர். அளவுகோலை மறைக்காது நூலமைப்பிலேயே வெளிப்படுத்தினர். குறுந்தொகைப் புலவருட் சிலரின் இயற்பெயர்கள் மறைந்து, செம்புலப்பெயனீரார் போன்று தம் பாட்டின் தொடராலேயே அவர்கள் அறியப்படுகின்றனர். அப்புலவர் வேறு எவற்றைப் பாடினார் என்பதை அறிய வழியில்லை. தொகுத்தவர் காத்தளித்தது அவருடைய பெயராகவே ஆகிவிட்டது. தொகுப்பவரின் கையிலுள்ள அதிகாரம் எத்துணைப் பெரிது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அத்தகைய அதிகாரம் கடப்பாடுகளையும் உடன்கொண்டுவருகின்றது. முதலாவது, தெரிவுக்குரிய அளவுகோலை வெளிப்படுத்தல். விற்பனையால் தெரிந்ததைச் சிறப்பால் தெரிந்ததெனக் காட்டுதல் கேட்போரை ஏமாற்றுவதாகும். இரண்டாவது, விடுபட்டவை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளல். 'மிஸ்ஸஸ்' என்னும் தொகுப்பின் மெய்யான பெறுமதி அதிலுள்ள 14 பாடல்களோடு முடிவதன்று. தன்னருகே உள்ள தொகுப்பைப் பார்த்து, 'நீ முழுமையல்ல' என்று அது கூறிக்கொண்டிருக்கின்றது. மூன்றாவது, தீர்ப்பை மீளாய்வுக்குத் திறந்துவைத்தல். 'எ கேஸ் ஒவ் யூ' தவறியவற்றிலிருந்து வெளியேறியது போன்று, இன்று வெற்றியென எண்ணப்படுபவற்றுட் சில நாளை மறக்கப்படலாம்.

இக்கடப்பாடுகள் இசைத்தட்டு நிறுவனங்களுக்கு மாத்திரம் உரியனவல்ல. பாடத்திட்டம் வகுக்கும் ஆசிரியரும், தொகைநூல் பதிப்பிப்போரும், ஒருவரின் வாழ்வைப் பற்றி உரை நிகழ்த்துவோரும் இவற்றுக்கு உட்பட்டவர்களே. தம் நண்பர் ஒருவரை ஒரு வெற்றியால் அல்லது ஒரு தவறால் மாத்திரம் நினைவிற் கொள்ளும் மாணவரும் அவ்வாறே. மனிதரைச் சுருக்கிக் கூறாமல் வாழ முடியாது. சுருக்கியது தாம் என்பதையும், சுருக்கத்துக்கு வெளியே அம்மனிதரின் பெரும்பகுதி எஞ்சியிருக்கின்றது என்பதையும் மறவாதிருத்தல் இயலும். நீதி இவ்விடயத்தில் வேண்டுவது அவ்வளவே. ஆனால் அதற்குக் குறைந்த எதனையும் நீதியென்று கொள்ளல் தகாது.